சட்டைப்பையில் ஃபியூஸ்

ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பெரிய படிப்பொன்றும் வேண்டியதில்லை, இரண்டு கையும் ஒரு ஜோடிக் காலும் இருந்தால் போதும் என்றுதான் நாச்சிமுத்து நினைத்திருந்தார், ரெனாத்தோ நாலாவது படியில் கால் வைக்கும் வரைக்கும். எட்டாவது படிக்கு அவர் போனபோது ஏணியின் இடதுகால் ஈரமண்ணில் ஒரு விரற்கடை இறங்கியது. ஒரே ஒரு விரற்கடை. அதை மனசுக்குள் அப்படி அளந்ததே தப்பாய்ப் போயிற்று; விரல் என்ற சொல் வந்ததும் எண்ணம் போக வேண்டிய இடத்துக்குப் போய் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தார். மேலே பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது, அதில் அப்பியிருந்த செம்மண் தெரிந்தது, அதற்கும் மேலே ஆலிவ் மரத்தின் கிளையைப் பற்றியிருந்த இடக்கை தெரிந்தது. அந்தக் கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டும் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு மில்லில் முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் போயின. போகச் செய்தது நாச்சிமுத்து. அது ஊரில் யாருக்கும் தெரியாது, கட்டிய பெண்டாட்டிக்கும் தெரியாது. இந்த மனிதருக்குத் தெரியுமா தெரியாதா என்பதே முப்பத்து நாலு வருஷமாகத் தெரியாது. ஜெர்மனியில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஒரு மூணு நாள் இத்தாலிக்குப் போய் சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக ரயிலேறி வந்தது அதைச் சொல்லத்தான். மூணு நாளும் இட்லி மாதிரி வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தாயிற்று. இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குக் காரில் ஏறினால் ஸ்டேஷன். அதற்குள் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அறுபது வயசு ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல மூணு நாள் போதாது என்றால் வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

“நாச்சி, நல்லாப் புடிங்க,” என்று மேலிருந்து குரல் வந்தது. “புடிச்சிருக்கனுங்க,” என்றார் இவர். ரெனாத்தோ வாயில் அந்த ‘ங்க’வைக் கேட்டால் இன்றைக்கும் உடம்பு ஒரு கணம் கூசிப்போகிறது. இத்தாலியிலிருந்து நாச்சிமுத்துவின் மில்லுக்குப் புது மெஷின் பூட்ட வந்து, எட்டு மாதம் ஃபிட்டர்களோடு பழகி, கொங்குத் தமிழில் பாதியைக் கற்றுக்கொண்டு போன ஆள். ரெனாத்தோ என்ற பேரை அங்கே எல்லோருமாகச் சேர்ந்து ரெங்கநாதன் ஆக்கிவிட்டார்கள், அதற்கும் சரீங்க என்று தலையாட்டினார். மரியாதையைச் சேர்த்துத்தான் தமிழே என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, இங்கே தன் வீட்டு நாயையும் ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் கூப்பிடுகிறார். நாயும் மரியாதையாகத்தான் உட்காருகிறது. முந்தாநாள் காலையில் நாச்சிமுத்து ஜன்னலைத் திறந்தார். திறந்தவருக்கு இன்னும் வாய் மூடவில்லை. கீழே பள்ளத்தாக்கைக் காணோம். ஊர், ரோடு, ஆறு, முந்தின நாள் வந்து இறங்கிய ஸ்டேஷன் எதையும் காணோம். வெளுத்த மூடுபனி விளிம்பு வரைக்கும் நிறைந்து கிடந்தது, பாலைக் காய்ச்சி ஆற வைத்த மாதிரி அசையாமல். அதற்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குன்றுகளின் தலை மட்டும், தலைக்குத் தலை நாலைந்து வீடு. பனிக்கு அடியிலிருந்து எங்கேயோ மணி அடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஊரில் தெரியாத யாரோ கயிற்றை இழுக்கிறார்கள், அது எனக்குக் கேட்கிறது என்று நினைத்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மில்லுக்குள் முப்பத்தைந்து வருஷம் இரைச்சலில் இருந்த காது. இவ்வளவு பெரிய சத்தமின்மை உலகத்தில் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது, நாம் அங்கே நூல் சுற்றுகிற டிரம் ஓட்டிக்கொண்டிருந்தபோதும் இது இங்கே இப்படியேதான் இருந்திருக்கிறது. எத்தனை பெரிது. இதற்கு நடுவில் போய் இரண்டு விரல் சமாசாரத்தைப் பேசுவதா என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார். சாக்குக்கா பஞ்சம்?

இந்த மரமும் அப்படித்தான். மூணு ஆள் கை கோத்தாலும் அடிமரம் பிடிபடாது. நடுவில் பிளந்து, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஏறி, உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்குப் பொந்து விழுந்திருக்கிறது. மேலே பார்த்தால் நேற்றுத் துளிர்த்த மாதிரி இலை, இலைக்கு ஒன்றாகக் காய். ஐந்நூறு வருஷம் இருக்குமா என்று கேட்டதற்கு ரெனாத்தோ தோளைக் குலுக்கி, “இருக்குமுங்க, யாரு எண்ணினாங்க?” என்றார். ஐந்நூறு வருஷமாக ஒருத்தன் ஏற ஒருத்தன் ஏணியைப் பிடித்திருக்கிறான். ஐந்நூறு வருஷத்தில் பிடித்தவன் எவனாவது கையை விட்டிருப்பானா? விட்டிருப்பான். ஆனைக்கும் அடி சறுக்கும். அப்புறம் அவன் என்ன செய்தான், ஊரை விட்டுப் போனானா, விழுந்தவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டானா? நேற்று ராச்சாப்பாட்டுக்கு முன்னால் மரீசா, ரெனாத்தோவின் மனைவி, ரொட்டியைத் தணலில் வாட்டிப் புது எண்ணெயை அதன் மேல் ஊற்றிக் கொடுத்தாள். புல் பச்சையில் ஓர் எண்ணெய். எண்ணெயை அப்படியே ரொட்டியில் ஊற்றித் தின்பதா என்று யோசித்துக்கொண்டே ஒரு கடி கடித்தார். முதலில் ஒன்றுமில்லை, பச்சைக் காயின் வாசம்தான். விழுங்கின பிறகு தொண்டைக்குழியில் மிளகு மாதிரி ஒரு பிடி பிடித்தது பாருங்கள், இருமல். மரீசாவும் ரெனாத்தோவும் கைதட்டிச் சிரித்தார்கள். இருமல் வந்தால்தான் எண்ணெய் நல்ல எண்ணெயாம். நாச்சிமுத்து இருமினார், இருமலை முன்னிட்டுக் கொஞ்சம் அழுதும் கொண்டார். யாரும் கவனிக்கவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். தட்டு காலியாகிற ஒவ்வொரு தடவையும் மரீசா நிரப்பினாள். நம் ஊரில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது, அவர்கள் ஊரில் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது போலிருக்கிறது, இரண்டு ஊர் வழக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வயிறு ஊதியதுதான் மிச்சம். சொல்லவில்லை.

மேலே டரடரவென்று மறுபடி சத்தம் எடுத்தது. நீளக் குழாயின் நுனியில் இரண்டு சீப்பு எதிரும் புதிருமாகத் தட்டிக்கொண்டே இருக்கும்; கிளைக்குள் விட்டால் காய் பொலபொலவென்று கீழே விரித்த வலையில் கொட்டும். அதற்குக் கரண்டு தருகிற கார் பேட்டரி நாச்சிமுத்துவின் வலது காலுக்கு அருகில் இருந்தது. பேட்டரியிலிருந்து போகிற ஒயரில் சின்ன டப்பி, டப்பிக்குள் ஒரு ஃபியூஸ். காலையிலிருந்து அதைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். மலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். ஃபியூஸைக் கண்டால் மனசு வேறெங்கும் போகாது. ‘ஸ்விட்சை நம்பாதே, ஃபியூஸை நம்பு, மெஷினுக்குள் யார் கை விடுகிறானோ, ஃபியூஸ் அவன் பாக்கெட்டில் இருக்க வேண்டும், இன்னொருத்தன் பாக்கெட்டில் இல்லை.’ இது ரெனாத்தோ மில்லில் கால் வைத்த முதல் நாள் சொன்ன சட்டம். எட்டு மாதமும் அந்தச் சட்டம் ஒரு நாள் பிசகவில்லை. பிசகியது ஒரே நாள். இன்றைக்குப் போலவே அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. ஆவணி மாதம், புது மெஷினுக்குப் பூஜை, அறுபது டிரம்முக்கும் சந்தனம் குங்குமம், பேனலுக்கு மாலை. நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். விட்டால் பத்தரைக்கு ராகு காலம் பிடித்துக்கொள்ளும், பன்னிரண்டு வரைக்கும் விடாது. முதலாளி ஆசைப்பட்டு ரெனாத்தோவுக்குப் பட்டு வேட்டியும் துண்டும் கட்டிவிட்டிருந்தார். வெள்ளைத் தோலில் வேட்டி, கீழே சாக்ஸ், சிரிக்காதவர்கள் இல்லை. பத்து மணிக்கு, ஓட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று ஃபியூஸைக் கழற்றினார். கழற்றிவிட்டு இடுப்பைத் தடவினார். வேட்டியில் ஏது பை? நம் ஆளாக இருந்தால் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பான். அவருக்கு மடி கட்டத் தெரியாது. சிரித்துக்கொண்டே நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு மெஷினுக்குப் பின்னால் போனார்.

அந்தத் தட்டு. இன்றைக்கும் நெஞ்சில் அந்த இடம் தெரியும். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை முப்பத்து நாலு வருஷமாக ஓட்டிப் பார்த்தாயிற்று, கோனில் நூல் சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி. ஒரே இடத்தில் வந்து அறுந்துபோகிறது. மணி பத்து பதிமூணு. கற்பூரம் எரிகிறது, கைமணி கணகணவென்று அடிக்கிறது, சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, “நேரம் போகுதப்பா, நேரம் போகுது,” என்கிறார். முதலாளியும் வாட்சைப் பார்க்கிறார். நாச்சிமுத்து டூல் பாக்ஸைப் பார்த்தான், மூடியிருந்தது. மூடினால் வேலை முடிந்தது என்றுதானே அர்த்தம். அப்புறம் கூப்பிட்டான். ‘சார், முடிஞ்சுதுங்களா?’ கூப்பிட்டானா? மணிச் சத்தத்துக்கு நடுவில் பின்னாலிருந்து ஏதோ பதில் வந்த மாதிரி இருந்தது. இருந்ததா? ஃபியூஸைப் போட்டான். பச்சைப் பட்டனை அமுக்கினான். எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிடாமல் எப்படி என்று முதல் பத்து வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த பத்து வருஷம், கூப்பிட்டிருப்பேன் என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. துண்டைச் சுற்றிய கையோடு ரெனாத்தோ வெளியே வந்து, முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, மை மிஸ்டேக், நான்தான் ஸ்டார்ட் சொன்னேன் என்றார். ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு பொய். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்; இந்தப் புளுகு முப்பத்து நாலு வருஷமாகக் குத்துக்கல்லாக நிற்கிறது. அதன் மேல்தான் நாச்சிமுத்துவின் வேலை நிரந்தரமானது, ஹெட் ஃபிட்டர் ஆனது, வீடு கட்டியது, மகள் சங்கவி படித்து ஜெர்மனி போனது எல்லாம். பொங்கலுக்குப் பொங்கல் இந்த மனிதர் கார்டு அனுப்பினார். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி, கிழித்து, ‘இங்கு அனைவரும் நலம்’ என்று எழுதி அனுப்பினார் நாச்சிமுத்து.

சட்டென்று டரடர நின்றது. மேலே சீப்பில் ஏதோ சிக்கி மெஷின் உறுமியது. ரெனாத்தோ ஸ்விட்சை அணைத்து, குழாயைப் பக்கத்திலே இழுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “குச்சி. உள்ள மாட்டிக்கிச்சுங்க,” என்றார். பிறகு மிகச் சாதாரணமாக, உப்பை எடுங்கள் என்கிற மாதிரி, “நாச்சி, ஃபியூஸ் எடுங்க. பாக்கெட்ல போடுங்க,” என்றார்.

கீழே பனி பாதி கலைந்து, பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஒரு கோடாக மின்னியது. நாச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “எறங்கி வாங்க,” என்றார். “எறங்கி வந்து நீங்களே எடுத்து உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க. கை விடறவங்க பாக்கெட்லதான் இருக்கோணும்.”

“பன்னெண்டு படிங்க. எனக்கு முட்டி வலி.” கொஞ்சம் பொறுத்து, “நீங்க இருக்கீங்க இல்ல?” என்றார்.

ஒரு கையால் ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, டப்பியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பீங்கான் ஃபியூஸ் கைநிறைய இருக்கும். சட்டைப்பையில் போட்டார். முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அதே பக்கம், அதே இடம். மேலே அந்தக் கிழவர் சீப்புப் பற்களுக்கு நடுவில் மூன்று விரலை விட்டுக் குச்சியை நோண்டத் தொடங்கினார். கீழே யார் நிற்கிறான், அவன் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்கிற கவலையே இல்லாமல் வாய்க்குள் ஏதோ பாட்டு. எப்படி முடிகிறது? மலை பெரிதுதான், மரம் பெரிதுதான், ஆனால் அந்த மூன்று விரல் மறுபடியும் உள்ளே போவதைப் பார்த்தபோது நாச்சிமுத்துவுக்கு வந்த பிரமிப்பு மூன்று நாளாகப் பார்த்த எதற்கும் வரவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

“நான் கூப்பிடலீங்க,” என்றார்.

பாட்டு நின்றது.

“அன்னைக்கு. பூஜை அன்னைக்கு. நீங்க ஸ்டார்ட் சொல்லல. நான் கூப்பிட்டுக் கேட்டனாக்கும்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தனுங்க. கூப்பிடல. நல்ல நேரம் முடியறதுக்கு ரெண்டு நிமிசம் இருந்துச்சு. சூப்பர்வைசர் நேரம் போகுதுன்னாரு. நான் உங்களக் கூப்பிடவே இல்ல. போட்டுட்டனுங்க.” சொல்லிவிட்டு நெற்றியை ஏணிப்படியில் வைத்துக்கொண்டார். படியின் மரம் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. இத்தனை வருஷமாகச் சொல்லத் துணிந்ததெல்லாம் ‘தப்பு நடந்துபோச்சு’ என்கிற வாக்கியம்தான். ‘கூப்பிடல’ என்பது அதற்குள் ஒளிந்திருந்தது என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஓர் ஆலிவ் காய் தானாக உதிர்ந்து வலையில் விழுந்தது. அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

“தெரியுமுங்க,” என்றார் ரெனாத்தோ. “நான் பின்னால இருந்தேன். யாரும் கூப்பிடல.”

“அப்புறம் ஏனுங்க பொய் சொன்னீங்க?”

“ஸ்டார்ட் சொன்னேன், அது பொய்ங்க.” வார்த்தைகளை ஒவ்வொன்றாக, பழைய டூல் பாக்ஸில் தேடி எடுக்கிற மாதிரி எடுத்தார். “தப்பு என்னுது, அது பொய் இல்லீங்க. ரூல் யாருது? என்னுது. ஃபியூஸ் என் பாக்கெட். நான் உங்களுக்குக் குடுத்தேன். வேட்டிக்குப் பாக்கெட் இல்ல, அது என் பிரச்சினைங்க. உங்களுக்கு இருபத்தாறு வயசு. புதுக் கல்யாணம். எனக்கு வேட்டி கட்டி எல்லாரும் கைதட்டினாங்க, எனக்கு சந்தோசம், ரூல் மறந்துட்டேன்.” ஒரு மூச்சு விட்டார். “நான் நெனச்சேன், நாச்சிக்கு என் மேல கோவம். அதான் லெட்டர்ல ‘அனைவரும் நலம்’ மட்டும் எழுதறாரு.”

நாச்சிமுத்து சிரிக்கப் போய் அழுதார். இருமல் என்று சொல்லிக்கொள்ள இப்போது எண்ணெயும் இல்லை. அங்கே ஓர் ஆள் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே ஓர் ஆள் கடிதத்தைப் பிரித்து இதே வரியை வருஷா வருஷம் படித்துவிட்டு வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தனை கடலும் மலையும் இருந்தது போதாதென்று இது வேறு.

“கோவமா?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உங்க மேலயா? அட போங்க.”

“அப்ப நல்லதுங்க.” மேலே குச்சி முறிகிற சத்தம் கேட்டது. இரண்டு துண்டாக அது நாச்சிமுத்துவின் காலடியில் வந்து விழுந்தது. குழாயைக் கிளைக்குள் மறுபடி பொருத்துவது கேட்டது. பிறகு குரல் தெளிவாக, மில் ஷெட்டில் கேட்கிற மாதிரி உரக்க வந்தது: “ஸ்டார்ட்!”

நாச்சிமுத்து சட்டைப்பையில் கையை விட்டார். அப்போதுதான் காலையில் பெண்டாட்டி ருக்குமணி போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏனுங்க, இன்னிக்கு வெள்ளிக்கெழம, பத்தரையிலிருந்து பன்னெண்டு ராகு காலம், அதுக்குள்ள எதையும் ஆரம்பிச்சறாதீங்க, பொட்டியத் தூக்கீட்டு வெளிய கால் வெச்சறாதீங்க என்றாள். நம்மூர்ப் பத்தரையா, இங்கத்திப் பத்தரையா என்று இவர் கேலி செய்ததற்கு, சூரியன் எங்க நிக்குதோ அங்கத்திப் பத்தரைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். முப்பத்தைந்து வருஷத்துப் பஞ்சாங்கம், மறுபேச்சு ஏது? சூரியன் எதிர்க் குன்றின் மேல் ஏறி, இலைகளுக்கு நடுவில் கண்ணைக் குத்திக்கொண்டு நின்றது. ஃபியூஸை எடுத்தார். குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து, கழுத்தை அண்ணாந்து, மரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்:

“சார்! கை வெளிய இருக்குங்களா?”

ரெனாத்தோ குழாயைக் கவட்டுக் கிளையில் சாத்தினார். உடம்பைக் கிளையில் சாய்த்துக்கொண்டு, பிடித்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆகாயத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். பன்னிரண்டாவது படியில் எதையும் பிடிக்காமல், கீழே இருப்பவன் பிடித்திருக்கிறான் என்கிற ஒரே தெம்பில் ஒரு மனிதர். நாச்சிமுத்து ஏணியை நெஞ்சோடு இறுக்கினார். ஒரு கையில் ஐந்து, ஒரு கையில் மூன்று.

“எட்டும் வெளியதானுங்க!”

நாச்சிமுத்து வாட்சைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. அசல் ராகு காலம். ஃபியூஸைப் போட்டார்.